முதியோரும் பண மோசடியும்: குடும்பத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதானவர் ஒருவர் மோசடியில் பணத்தை இழந்துவிட்டால், "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது" என்று சுற்றியிருப்பவர்கள் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். நினைவாற்றல் சற்றும் குறையாத, வரவு செலவில் கெட்டிக்காரரான முதியவரும் ஏமாறத்தான் செய்கிறார்.

அமெரிக்காவில் உளவியலாளர் பீட்டர் லிச்சன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு மிகுந்தும் அன்பும் மதிப்பும் கிடைக்காமலும் இருந்த முதியோரிடையே மோசடிக்கு ஆளானோரின் விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நாள்தோறும் அழைத்து, "சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி குறைந்ததா?" என்று விசாரித்து வந்த குரல் சில வாரங்கள் கழித்துக் கடன் கேட்கும்போது, இல்லையென்று சொன்னால் அந்த விசாரிப்பும் நின்றுபோகும் என்பது முதியவருக்குத் தெரியும். அந்த இடத்தில், முன்பின் தெரியாதவர்களை நம்பாதீர்கள் என்ற அறிவுரை எடுபடாது. அவரைப் பொறுத்தவரை அழைப்பவர் தெரிந்தவராகிவிட்டார்.

மிரட்டும் அழைப்பு மட்டுமே ஆபத்தானது என்று எண்ணுவதும் தவறு. பரிசு விழுந்த மகிழ்ச்சியும் கணக்கை முடக்கப்போகிறார்கள் என்ற பதற்றமும் நின்று யோசிக்கும் நேரத்தை ஒரேபோலப் பறித்துவிடுகின்றன. அழைப்பைத் துண்டிக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மோசடிக்காரர் வற்புறுத்துவதும் அதற்காகத்தான்.

"எனக்குத் தெரியாதா?" என்ற பதிலைக் கேட்டு நிம்மதியடைவது இன்னொரு பிழை. அறுபது வயதைக் கடந்தபின் நிதி சார்ந்த அறிவு படிப்படியாகக் குறைந்தாலும், தன் முடிவின் மீதுள்ள நம்பிக்கை அதே அளவில் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதே சமயம், வழக்கமாக எச்சரிக்கையோடு இருந்தவர் திடீரெனக் கண்டவர்களையும் நம்பத் தொடங்கினால், அதைச் சுபாவ மாற்றம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நல்லது. அறிவாற்றல் குறைபாட்டின் தொடக்க அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.

வெளியாட்களை மட்டுமே சந்தேகிப்பதும் போதாது. பணத்தைச் சுரண்டுபவர் பல நேரங்களில் பராமரிப்பவராகவோ நெருங்கிய உறவினராகவோ இருக்கிறார். கைவிடப்படுவோம் என்ற அச்சமே முதியவரைக் கையெழுத்திட வைக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, நடந்ததைக் கேட்டதும் திட்டித் தீர்ப்பதும், வங்கிக் கணக்கு முழுவதையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்வதும் ஆகும். தன் சுதந்திரம் போய்விடும் என்று அஞ்சுபவர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார். பெரிய தொகைகளுக்கு இன்னொருவரின் ஒப்புதல் தேவை என்ற ஏற்பாட்டை அவருடைய சம்மதத்தோடு செய்துவிட்டு, அன்றாடச் செலவை அவர் கையிலேயே விட்டுவிடலாம். ஒருமுறை ஏமாந்தவரின் தொலைபேசி எண் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது: இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று அடுத்த கும்பல் அழைக்கும்போது, வெட்கத்தால் வீட்டில் எதையும் சொல்லாமல் இருப்பவர்தான் அதற்கு எளிதாகச் சம்மதிக்கிறார்.