"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிடாதீர்கள்

மழை தொடங்கியதும் கடலூர் பக்கம் சளிக்காய்ச்சல் கூட்டம் கூடிவிடுகிறது. புதிதாக வந்திருக்கும் செவிலியர் பெண்கள் கர்ப்பிணிகளைப் பார்க்கும் விதத்தைக் கவனிக்கிறேன். 2021 கோவிட் இரண்டாம் அலையில் நாங்கள் செய்த அதே தவறுகள். முகக்கவசம், கை கழுவுவதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

மூச்சுத்திணறலுக்கு வயிற்றைக் காரணம் சொல்வது

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெண், எட்டாம் மாசம், காய்ச்சலும் இருமலும். ஒரு மருத்துவமனையில் விரலில் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, "94 இருக்கு, மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான்மா செய்யும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரவு 108-இல் ஏற்றும்போது அந்தப் பெண்ணால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. "நேத்தே காட்டினோமே சிஸ்டர்" என்று மாமியார் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தையை அவசரமாக எடுக்க வேண்டியதாயிற்று. இருவரும் பிழைத்தார்கள், ஆனால் அந்த ஒரு நாள் வீணாகியிருக்கக் கூடாது.

கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது உண்மைதான். கருப்பை உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) மேலே தள்ளுகிறது, நுரையீரலில் கையிருப்புக் காற்று குறைகிறது, ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. அதனால்தான் நிமோனியா வந்தால் மளமளவென்று மோசமாகிறது. ஆனால் இயல்பான கர்ப்பத்தில் கூடுவது மூச்சின் ஆழம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது பெரிதாக மாறாது. ஆகவே எண்ணுங்கள், முழுசாக ஒரு நிமிடம். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். 20-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 24, 25 என்றால் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே கூடாது.

ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தாயின் ரத்தத்திலிருந்துதானே பிள்ளைக்குப் போக வேண்டும்? வளைகாப்பு முடிந்து வந்த கை என்றால் மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலில் வையுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைப்பது

வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்து.

எக்ஸ்ரேவுக்குப் பயப்படுவது

நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போகும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. டாக்டர் எழுதினால் எடுத்துவிடுங்கள்.

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பது

2009-இல் எச்1என்1 (பன்றிக்காய்ச்சல்) பரவியபோது கர்ப்பிணிகள்தான் அதிகம் தவித்தார்கள். ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிரை அறிகுறி தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஃப்ளூ சந்தேகம் வந்தவுடனே டாக்டரிடம் கேளுங்கள்.

"பிரசவம் முடியட்டும், அப்புறம் ஊசி"

கோவிட் தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளுக்கு இங்கே அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில். அதற்குள் இரண்டாம் அலை தன் வேலையை முடித்திருந்தது. இன்று ஃப்ளூ ஊசிக்கு அந்தத் தடையே இல்லை, எந்த மாசத்திலும் போடலாம். பிறக்கும் பிள்ளைக்கும் முதல் சில மாதங்கள் பாதுகாப்பு கிடைக்கும்.

காய்ச்சல் பயத்தில் செக்கப்பை விடுவது

பிரஷரும் சர்க்கரையும் தொற்று முடியும்வரை காத்திருக்காது. வராதவர்களுக்குப் போன் போட்டுக் குழந்தையின் அசைவைக் கேளுங்கள். குறைந்திருந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.