சுப்பர்மரின் டைப் 224: மலையக ஈரத்தில் 1:24 மாதிரி செய்வது எப்படி

இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் போர்விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்சலின் கைவண்ணம்தான் டைப் 224 போர்விமானமும். 1934 பெப்ரவரி 19இல் முதலில் பறந்தது. கட்டியது ஒன்றே ஒன்று. வேகம் மணிக்கு 228 மைலைத் தாண்டவில்லை, 15,000 அடி ஏற ஒன்பதரை நிமிடம். பிரித்தானிய விமானப்படையின் ஒப்பந்தம் இரட்டை இறக்கைக் கிளாடியேட்டர் விமானத்துக்குப் போய்விட்டது.

செய்வதற்கு முன் அதன் குறையைப் புரிந்துகொள்ளுங்கள், வடிவம் தானாக விளங்கும். கொஷோக் எஞ்சினின் சூடான நீர் ஆவியாகி, இறக்கையின் முன்விளிம்பில் குளிர்ந்து, சக்கரக் கால் உறைகளிலுள்ள தொட்டிகளில் சேரும். அங்கிருந்து பம்பு மேலே ஏற்றவேண்டும். உயரம் கூடக் கூடக் கொதிநிலை இறங்கும் (நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகை, பருப்பு வேகச் சுணங்குவது இதனால்தான்). கொதிநிலையை ஒட்டிய நீர் பம்புக்குள்ளேயே ஆவியானால் பம்பு எதை இழுக்கும்? குளிர்விப்பு இறக்கையிலேயே நடப்பதால் உங்கள் மாதிரியில் தொங்கும் ரேடியேட்டர் வேண்டாம். இறக்கையும் கால் உறைகளும் தடித்தே இருக்கட்டும்.

விமானத்தின் வரைபடத்தை 1:24 அளவுக்குப் போட்டோகொப்பியில் பெருப்பித்தபின் அளவுகோல் வையுங்கள்: இறக்கை நீளம் 582 மி.மீ., உடல் 374 மி.மீ. இறக்கையின் சராசரி அகலம் 82 மி.மீ. வரும். ஒன்று சரியாகி மற்றது பிசகினால் போட்டோகொப்பி இழுத்திருக்கிறது, திரும்ப எடுங்கள்.

வேலையின் உயிர் இறக்கை மடிப்பில். முன்னிருந்து பார்த்தால் நடு உயர்ந்து, கால்கள் நிற்கும் இடத்தில் தாழ்ந்து, நுனி மீண்டும் உயரும். 620 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பில் மூங்கில் சீவுங்கள். மடிக்கும் இடத்தை நனைத்து, தோல் வெளிப்புறம் வர, மெழுகுவர்த்திச் சுடரில் மெல்லக் காட்டி வளையுங்கள். பலகையில் முன்தோற்றத்தை ஒட்டி, மடிப்புகளில் ஆணி அடித்து, ஆறும்வரை நூலால் கட்டிவைக்க வேண்டும். அவிழ்த்ததும் சற்று நிமிரும், ஆகவே இரண்டு மூன்று பாகை கூடுதலாக வளைத்தாலே கணக்குச் சரிவரும்.

இறக்கையை ரிஜிபோமில் (பொதிகளில் வரும் வெள்ளை நுரைப்பலகை) நான்கு துண்டாக வெட்டி, மூங்கிலுக்குக் காடி எடுத்து, பைண்டர் கம்மால் ஒட்டுங்கள். சுப்பர் குளூ ரிஜிபோமைத் தின்றுவிடும். காற்றில் ஈரம் நிற்கும் மாதங்களில் பசை காய ஒரு இரவு போதாது. இரண்டு இரவு விடுங்கள். அவசரத்துக்கு விறகடுப்பருகே வைத்தால் ரிஜிபோம் சுருங்கிப்போகும்.

கடதாசி போர்த்தும்போது மேலும் கீழும் ஒரே அமர்வில் ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்தால் இறக்கை முறுகும், பிறகு நிமிர்த்த வழியில்லை.

கால்களை வெறும் பசையை நம்பி நிறுத்தாதீர்கள், பாரம் முழுக்க அங்கேதான். ஒவ்வொரு காலினுள்ளும் மூங்கில் குச்சி செருகி, அதன் தலையை மடிப்பிலுள்ள மூங்கிலோடு நூலால் கட்டி, மேலே கம் பூசுங்கள். பிறகே உறையை மூடலாம். விமானியின் இருக்கை திறந்தது, கண்ணாடிக் கூடாரம் போடவேண்டாம்.

ஸ்பிரே பெயின்டும் ரிஜிபோமை உருக்கும். கடதாசிக்கு இரண்டு பூச்சு கம் கொடுத்துக் காயவிட்டு, நுண்ணிய மண்கடதாசியால் தேய்த்தபின் வெள்ளி நிறத்தைத் தூரிகையால் அடியுங்கள். வெள்ளி ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும் நிறம், தேய்ப்பில் கஞ்சத்தனம் ஆகாது. கடைசியாக உடலின் இரு பக்கமும் கே2890 என்ற பதிவெண், கறுப்பில்.