நாலு வார லீவில் ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு லீவில் போகும்போது ஒரு வண்டி வாங்கி விட்டுவிட்டு வந்தால் அப்பா அம்மாவுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு என்று தோன்றும். சுற்றிப் பார்க்க மட்டும்தான் என்றால் வேண்டாம், வாடகைக் கார் போதும். நாம் விமானம் ஏறிய பிறகும் வீட்டில் யாராவது ஓட்டுவார்கள் என்றால் மேலே படியுங்கள்.

வண்டியைத் தேடும் முன்பே யார் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். உள்ளூர் முகவரிச் சான்று, பான், ஓ.டி.பி. வர இந்திய செல்போன் எண் எல்லாம் தேவைப்படும். இவை இல்லையென்றால் ஊரில் இருப்பவர் பெயரில் வாங்குவதே நிம்மதி. பெயர் மாற்றும்போது விற்பவருக்கும் ஓ.டி.பி. போகும். நான் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் இணைத்திருந்தது அவர் எப்போதோ கைவிட்ட எண். அதை மாற்றவே பத்து நாள் போனது, என் லீவும் முடிந்தது. மிச்ச அலைச்சல் தங்கச்சி தலையில். இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எந்த வண்டி? பெரும்பாலும் கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம்தான் என்றால், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியே என் ஓட்டு. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறினால்தான் அது சுத்தமாகும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று: மாருதி பிரெஸ்ஸா 2020 தொடக்கம் வரை டீசலில் மட்டுமே வந்தது. '2018 பிரெஸ்ஸா, பெட்ரோல்' என்று புரோக்கர் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்துவிட்டதால், பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருந்தால் மட்டும் பாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் வெள்ளத்தில் நின்ற வண்டிதான். 2015 டிசம்பரில் சென்னை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. எத்தனையோ கார்கள் மூழ்கின. வாட்டர் வாஷ், பாலிஷ் எல்லாம் போட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் சீட்டைத் தாங்கும் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா? வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள்; சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்கள், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆவதில் உள்ள கோளாறு தெரியாது. டயரின் வயதையும் பாருங்கள்: அதில் 3219 என்றிருந்தால் 2019-இன் 32-ஆவது வாரத்தில் தயாரானது.

சரி, பேப்பர். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு, கடன் விவரம் தெரியும். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கப் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே சாலை வரி. நாலு வாரத்தில் நடக்காது, தொடாதீர்கள். காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாள்தான் கெடு. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

பழைய ஃபாஸ்டேக்கை உரித்துவிட்டுப் புதிது வாங்கி ஒட்டுங்கள், அது விற்றவரின் கணக்கோடு இணைந்தது. இ-சலான் பாக்கியை அவரே கட்டிய பிறகு மீதிப் பணம் கொடுக்கலாம். அப்புறம், இரண்டாவது சாவி. கேட்டு வாங்காவிட்டால் அது அவர் வீட்டு மேஜை டிராயரிலேயே கிடக்கும்.