பேருந்தா, நடையா? ரீயூனியன் விடுமுறையை முடிவு செய்வது எப்படி

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் நடுவில் மூன்று பெரிய மலைக்கிண்ணங்கள், அதாவது மலைச்சுவர்கள் சூழ்ந்த பள்ளங்கள், இருக்கின்றன: சலாசி, சிலாவோஸ், மஃபாத். முதல் இரண்டுக்கும் தார்ச்சாலை உண்டு. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. அங்கே குடியிருப்பவர்களும் நடந்துதான் வீடு போய்ச் சேர்கிறார்கள். அரிசி மூட்டையும் எரிவாயு சிலிண்டரும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. ஆகவே "பேருந்துச் சுற்றுலாவா, நடைப்பயணமா" என்று குழம்புகிறவர்கள் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: மஃபாத்தை மேலிருந்து பார்த்தால் போதுமா, உள்ளே போய் ஓர் இரவாவது தங்க வேண்டுமா? பார்த்தால் போதும் என்றால் பேருந்தே போதும். மைதோ முனையில், ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், சாலையிலிருந்து சில நிமிட நடையில் முழுப் பள்ளமும் கண்முன் விரியும்.

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறுபதைத் தாண்டியவர்கள் தடியூன்றிச் சிரமமில்லாமல் போகிற பாதையில் முப்பது வயதுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது இங்கே வாடிக்கை.

மேகத்தின் கணக்கு

எந்த வழியில் போனாலும் இந்தத் தீவின் மலைகளில் நேரம் வைப்பது மேகம்தான். விடியலில் சிகரங்கள் துடைத்துவிட்டதுபோல் தெரியும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று ஈரத்தை மலைச்சரிவில் மேலே தள்ளும். பத்து மணிவாக்கில் பல நாட்களில் எல்லாம் வெள்ளையாகிவிடும். மைதோவுக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பதினொரு மணிக்குப் போனவர் பார்ப்பது பக்கத்தில் நிற்பவரின் முதுகை மட்டுமே.

பேருந்துச் சுற்றுலாவின் பெரிய பலவீனம் இதுதான். மேற்குக் கடற்கரை விடுதிகளில் ஒவ்வொன்றாக ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டிக்கு முதல் விடுதி ஐந்தரை மணி என்றால், கடைசி விடுதி ஏழு மணி. அதற்குப் பிறகு தீவின் உயிர் எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். முன்பதிவு செய்யும்போது "எத்தனை மணிக்குப் புறப்படும்" என்று மட்டும் கேட்பது வீண். "பா தெ பெல்கோம்பில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுவீர்கள், அங்கே எவ்வளவு நேரம் நிற்பீர்கள்" என்று கேளுங்கள். பா தெ பெல்கோம்ப் என்பது 2,311 மீட்டர் உயரத்தில், எரிமலைத் தளத்தை நோக்கி நிற்கும் விளிம்பு. ஒன்பதுக்குள் சேர்ந்தால் நல்லது. பத்தரை என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: வானிலை மோசமானால் எரிமலை நாளை வேறு நாளுக்கு மாற்றுவார்களா? ஐந்து நாள் நிகழ்ச்சி நிரலை அச்சடித்துக் கொடுக்கிற பெரிய கோச் நிறுவனங்கள் பெரும்பாலும் மாற்றமாட்டா. எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் ஏறும் சிற்றுந்துகளில் அந்த வசதி கிடைக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாலும் சிற்றுந்தே நல்லது என்பது எங்கள் கணிப்பு.

பேருந்து எங்கே வெல்கிறது

கிழக்கும் தெற்கும் பேருந்துக்கே உரியவை. சேன்-அந்த்ரேயின் கரும்பு வயல்களும் கோயில்களும், பித்தோன் சேன்த்-ரோசில் 1977-இல் எரிமலைக் குழம்பு சூழ்ந்தும் நின்றுபோன தேவாலயம், 2007-இல் குழம்பு நெடுஞ்சாலையையே மூடிக் கடலுக்கு இறங்கிய கிரான் ப்ரூலே, அதன் பிறகு காட்டுத் தெற்குக் கடற்கரை. இவை ஒன்றுக்கொன்று தொலைவு. நடந்து பார்க்கிற ஊர்களும் அல்ல. மொரீஷியஸிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அதையும் மலை வளைவுகளில் பழகுவது விடுமுறை ஆகாது.

கோயில் பார்க்க விரும்பும் குடும்பங்கள் நிரலின் வரிசையைக் கவனியுங்கள். ரீயூனியனின் பல தமிழ்க் கோயில்களில் தோல் செருப்பு, தோல் பெல்ட், தோல் கைப்பை உள்ளே கூடாது. அசைவம் சாப்பிட்ட பிறகு வரவேண்டாம் என்றும் சொல்வார்கள். மதிய உணவுக்குக் கோழிக் கறியைப் போட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் இறக்கிவிடும் நிரல்கள் இருக்கின்றன. அப்போது வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கோயில் காலையில், சாப்பாடு பிறகு என்று முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். தமிழ் பேசும் வழிகாட்டி கிடைப்பார் என்று எண்ணி வராதீர்கள். இங்கே தமிழ் வம்சாவளியினர் ஏராளம், ஆனால் வீட்டு மொழி பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். தமிழ் பெரும்பாலும் வழிபாட்டில்தான் ஒலிக்கிறது.

சிலாவோஸ் போகும் நாளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. சேன்-லூயியிலிருந்து ஏறும் அந்தச் சாலைக்கு "நானூறு வளைவுச் சாலை" என்றே பெயர். வழியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் நுழையும் குறுகிய சுரங்கங்கள் வருகின்றன. ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டுத்தான் நுழைவார். குமட்டல் வரக்கூடியவர்கள் முன்வரிசையில், சக்கரத்துக்கு மேல் அல்லாத இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரை போடுவதானால் வளைவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டவும் ஆகாது. வழிக்கடையில் விற்கும் போன்போன் பிமாந்தைப் பார்த்தால் நம் வடையின் தம்பி என்று தெரியும், கை தானாகவே நீளும். சூடான எண்ணெய்ப் பலகாரத்தை ஊர் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் பரீட்சை

இங்கே நடைப்பாதையைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாறுவீர்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்தவன் நான் என்பது இந்த மலைகளில் கணக்கில் வராது, அது சமதளம். பாதையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மீட்டரில் கேளுங்கள். பையோடு நடக்கும் சாதாரண ஆள் ஒரு மணி நேரத்தில் சுமார் 300 மீட்டர் உயரம் ஏறுவார், 400 மீட்டர் இறங்குவார். 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம், ஓய்வு தனி.

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். நின்றால் மூச்சு திரும்பிவிடும். இறக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு படியிலும் உடல் எடையும் பை எடையும் சேர்ந்து முழங்காலில் இறங்குகின்றன, தொடைத் தசை அதைத் தடுத்துத் தடுத்துக் களைக்கிறது. களைத்த தசை தடுப்பதை விட்டதும் சுமை முழுவதும் மூட்டுக்குப் போகிறது. மூன்றாவது மணி நேரத்தில் கால் நடுங்குவது அதனால்தான். கணுக்கால் பிரள்வதும் அப்போதுதான்.

பதிவு செய்வதற்கு முன் வீட்டருகிலேயே சோதித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர் பழனிப் படிகளை (சுமார் 690) ஒரே காலையில் மூன்று முறை ஏறி இறங்கலாம், கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆகிவிடும். மொரீஷியஸில் இருப்பவருக்கு லெ பூஸ் மலை இருக்கிறது. இரண்டும் இல்லாதவர் பதினைந்து மாடிக் கட்டடத்தின் படிகளில் ஒன்பது, பத்து முறை. முதுகில் ஆறு கிலோ பை இருக்கட்டும். அன்றைக்கு முடிந்ததா என்பதைவிட, மறுநாள் காலை படி இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறதா என்று பாருங்கள். தேடினால் ஆறு வாரம் படிப் பயிற்சி செய்துவிட்டுப் பிறகு பதிவு செய்யுங்கள், அல்லது சிலாவோஸிலோ எல்-பூரிலோ ஒரே அறையில் தங்கி அரைநாள் நடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. எல்-பூர் இருக்கும் சலாசி முழுவதும் நம் சௌசௌக் கொடி பந்தல் பந்தலாகப் படர்ந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே உலாவ அரைநாள் போதாது.

மூன்று நாள் நடை

முதன்முறை மஃபாத்துக்குள் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி இது. முதல் நாள் சலாசி பக்கமாக கோல்-தே-பெ கணவாயிலிருந்து தமரின் மரச் சமவெளி வழியே மஃபாத்தின் சிற்றூரான லா நூவெல்லுக்கு இறங்குங்கள். சுமார் 500 மீட்டர் இறக்கம், இரண்டு மணி நேரம். மரக்கட்டைகள் பதித்த பாதை, மழை பெய்திருந்தால் சோப்புப் போல வழுக்கும். கட்டையின் மேல் கால் வைக்காமல் இடைவெளியில் வையுங்கள். இரண்டாம் நாள் லா நூவெல்லிலிருந்து அடுத்த சிற்றூரான மார்லா, இரண்டரை மணி நேரத்துக்குள். மார்லா 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவில் குளிரும். மூன்றாம் நாள் 2,080 மீட்டர் தைபி கணவாயைத் தாண்டிச் சிலாவோஸ் பக்கம் இறங்குங்கள். ஏற்றம் 450 மீட்டர்தான், ஆனால் அந்தப் பக்கத்து இறக்கம் 800 மீட்டர். முழங்கால் பரீட்சை இந்த நாளுக்காகத்தான்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. வாடகைக் காரைக் கோல்-தே-பெயில் நிறுத்திவிட்டுச் சிலாவோஸில் இறங்கினால், கார் மலைக்கு மறுபக்கம் நிற்கும். சாலைவழியே தீவைப் பாதி சுற்றித்தான் அதனிடம் திரும்பவேண்டும். இந்த வழிக்குக் கார் வேண்டாம். சேன்-அந்த்ரேயிலிருந்து சலாசிக்கும், சிலாவோஸிலிருந்து சேன்-லூயிக்கும் பொதுப்பேருந்து இருக்கிறது. கார்தான் வேண்டும் என்றால் மார்லாவிலிருந்து சமவெளி வழியே கோல்-தே-பெயிக்கே திரும்பும் வட்டத்தைப் பிடியுங்கள். காரைக் காவல் உள்ள கட்டண நிறுத்தத்தில் விடுங்கள்.

பித்தோன் தெ நேஜ் (3,070 மீட்டர்) சிகரத்தில் சூரியோதயம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நள்ளிரவு கடந்து எழுந்து, விளக்கைத் தலையில் கட்டி, உறைபனிக்கு அருகிலான குளிரில் ஏறவேண்டும்; பிறகு அதே நாளில் சிலாவோஸ்வரை 1,600 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். முதல் பயணத்தில் வேண்டாம்.

குடும்பமாக வருபவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஏழு நாள் இருந்தால் முதல் மூன்று நாள் எல்லோரும் சிற்றுந்தில் கிழக்கும் தெற்கும் எரிமலையும் பாருங்கள். நான்காம் நாள் பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் சிலாவோஸ் போய்த் தங்கட்டும், வெந்நீர் ஊற்றுக் குளியல்நிலையம் அங்கே இருக்கிறது. நடக்கிறவர்கள் சலாசி வழியே மஃபாத்துக்குள் நுழைந்து, ஆறாம் நாள் மதியம் தைபி இறங்கி அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ஏழாம் நாளில் எதையும் வைக்காதீர்கள், மழைக்கு அது தேவைப்படும்.

மே முதல் நவம்பர்வரை நடைக்கு ஏற்ற காலம். ஜனவரி முதல் மார்ச்வரை புயல் பருவம், நடைப்பயணத்தைத் திட்டமிட வேண்டாம். 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் கொட்டி உலக சாதனை படைத்த மழை இந்தத் தீவில்தான் பெய்தது. அக்டோபரில் கிராண்ட் ரெய்டு மலையோட்டம் நடக்கும் வாரத்தில் மலைவிடுதிகளில் இடம் கிடைப்பது அரிது.

பையும் படுக்கையும்

பை தண்ணீரோடு ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது. மஃபாத்துக்குள் பையைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி எதுவும் இல்லை, எடுத்தது முழுவதும் உங்கள் தோளில்தான். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, தலைவிளக்கு, மாற்றுத்துணி ஒன்று, ரொக்க யூரோ. பணம் எடுக்கும் இயந்திரம் உள்ளே கிடையாது. ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு. புதுக் காலணியோடு வராதீர்கள், ஒரு மாதமாவது போட்டு நடந்திருக்க வேண்டும். புறப்படும் முன்தினம் கால்நகத்தை ஒட்ட வெட்டி, இறக்கத்தில் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையேல் விரல் முன்னால் மோதி நகம் கறுத்துவிடும்.

ஜீத் எனப்படும் மலைவிடுதிகளில் பெரும்பாலும் பலர் சேர்ந்து தூங்கும் அடுக்குக்கட்டில்தான். போர்வை தருவார்கள், உள்விரிப்புப் பை நீங்கள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிரெஞ்சில் "இறைச்சிப் பை" என்று பொருள்படும் பெயர். சைவர்கள் பயப்பட வேண்டாம், வெறும் துணிதான்.

ஆனால் சாப்பாட்டில் சைவம் என்பதைப் பதிவின்போதே சொல்லியாக வேண்டும். இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பானையில்: சோறு, பருப்பு அல்லது அவரை வகை, கோழிக் கறி அல்லது பன்றித் தொத்திறைச்சி. "வெஜிடேரியன்" என்றால் சிலர் மீன் வைத்துவிடுவார்கள். "கரேம்" என்று சொல்லுங்கள். காவடிக்கும் தீமிதிக்கும் இங்குள்ள தமிழர் இருக்கும் விரதத்துக்கு அதுதான் பெயர், கறி மீன் முட்டை எதுவும் கூடாது என்பது சமைப்பவருக்கு உடனே புரியும். அதிர்ஷ்டம் இருந்தால் "ப்ரேத் முரூம்" கிடைக்கும், முருங்கைக்கீரைதான்.

புறப்படும் முன்தினம் மாலை இரண்டு வேலை பாக்கி. வனத்துறையான ஓ.என்.எஃப். வெளியிடும் பாதைப் பட்டியலில் உங்கள் பாதை மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாறைச் சரிவால் பாதைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதுண்டு, எரிமலைத் தளத்தையும் வெடிப்பு நெருங்கினால் மூடிவிடுவார்கள். பிறகு ஜீத்துக்குத் தொலைபேசி செய்து, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று உறுதி சொல்லுங்கள். வர முடியாமல் போனாலும் சொல்லிவிடுங்கள். ஹெலிகாப்டரில் வந்த அரிசியை ஆள் எண்ணித்தான் உலையில் போடுகிறார்கள், ஐந்து மணிக்கு மேல் வராதவர் பாதையில் விழுந்து கிடக்கிறாரோ என்று தேட ஆரம்பிப்பதும் அவர்கள்தான்.