சிரட்டைக்குள் ஒரு குட்டி ஆமை: தோட்டப்புறத்தில் வளர்ப்பவர்களுக்கு

என் மகன் தீப்பெட்டி அளவில் ஓர் ஆமைக் குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, அம்மா கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டது, "ஆமை புகுந்த வீடு உருப்படுமாடா?" அது ஆமை இல்லை, ஆம்பி, அதாவது ஈரமேறிக் காளான் பூத்த வீடு என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு, ஆனால் அம்மாவிடம் அதெல்லாம் எடுபடவில்லை. இப்போது நாலு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் செம்பருத்தி பறித்துக்கொண்டு போய் அதன் முன்னால் வைப்பது அம்மாதான். நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். சிப்புட் என்றால் மலாயில் நத்தை, ஆகவே ஓட்டைச் சுமந்துகொண்டு நிதானமாகப் போகிற ஜீவனுக்கு ஊர் பொருத்தம்தான்.

குட்டி ஆமை வளர்ப்பு என்று தேடினால் வருகிற குறிப்புகளில் பாதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூட்டுக்கு எத்தனை விளக்கு, ஈரப்பதத்துக்கு என்ன கருவி என்று பக்கம் பக்கமாகப் போகும். நமக்கு அதில் பாதி வேலையை வானமே செய்துவிடுகிறது. நம் பக்கம் குட்டிகள் சாவது வேறு காரணங்களால்: வெயிலில் வைத்த பெட்டி, மருந்தடித்த புல், ஏர்கோன் அறை, எறும்பு. அதனால் நம் ஊருக்கு எது ஒத்துவருமோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது தரை ஆமையா, தண்ணீர் ஆமையா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதில் ஏமாறுபவர்கள் நிறைய. கால் யானைக்கால் மாதிரி உருண்டு, விரல்களுக்கு நடுவே சவ்வு இல்லாமல் இருந்தால் தரை ஆமை. பாதம் தட்டையாக, விரலிடையில் சவ்வோடு, காதோரம் சிவப்புக் கோடும் இருந்தால் அது மீன் கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமை, அதற்கு இந்தக் குறிப்பு உதவாது. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. மீன் தொட்டியில் போட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

எந்த இனம் என்பதும் முக்கியம். கடைகளில் அதிகம் கண்ணில் படுவது சல்கட்டா, செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை சஹாராவின் தெற்கு ஓரத்தில் வாழ்கிற ஆப்பிரிக்க ஆமை. நட்சத்திர ஆமை அழகுதான், நம் மக்களுக்கு அதன்மேல் ஒரு தனி ஆசையும் உண்டு, ஆனால் 2019-லிருந்து அது உலக நாடுகளின் காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தில் (CITES) மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. தாளில்லாமல் ராத்திரியில் கைமாறும் குட்டியை மலிவு என்று வாங்கிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, பார்த்துக்கொள்வது பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை. எந்த இனமானாலும் கடைக்காரரிடம் தாளைக் கேளுங்கள், பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் உரிமம் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். செம்பனைக்குள் வேலை செய்யும்போது ஓரத்தில் ஒரு காட்டு ஆமை நடந்து போவதைப் பார்த்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். பானிங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நம் காட்டுத் தரை ஆமைகள் ஏற்கெனவே அருகிப்போய்விட்டன, வீட்டுக்குத் தூக்கி வர அது யாருடைய சொத்தும் இல்லை.

சரி, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் மூன்று நாலு நாள் அதைத் தொல்லை பண்ணாதீர்கள். சாப்பிடாது, மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். அதை மட்டும் தடுத்துவிட்டால் தானாகத் தெளியும்.

இடத்துக்குக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். கண்ணாடி தெரியாமல் அது நாளெல்லாம் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். மூன்றடிக்கு இரண்டடியில் சிமெண்ட் கலக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், ஒரு வருஷத்துக்கு அது போதும். அடியில் நாலு அங்குலம் தேங்காய் நார்த்தூள். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்தப் பதம். மணல் வேண்டாம், தின்றுவிட்டுக் குடலில் அடைத்துக்கொள்ளும். தோட்டத்து மண்ணும் வேண்டாம், உரமும் மருந்தும் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ. ஒளிந்துகொள்ள இடம் கட்டாயம். நாங்கள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அரைவட்டமாக வாசல் அறுத்துக் கவிழ்த்து வைத்தோம், முதல் ராத்திரியே உள்ளே போய்ப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தூங்கியது. தண்ணீருக்குப் பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. எங்கள் வீட்டில் ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு நிறையக் கிடக்கிறது என்று முதலில் அதைத்தான் வைத்தேன், அது ஆழம், ஓரமும் வழுக்கும், குட்டி உள்ளே குப்புற விழுந்து காலை உதைத்துக்கொண்டு கிடந்ததை நல்லவேளை உடனே பார்த்தேன். குட்டிக்குக் கவிழ்ந்தால் திரும்புவது கஷ்டம், ஆகையால் ஏறி விழக்கூடிய எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு விஷயம். பாலைவனத்து ஆமை, காய்ந்து கிடக்கட்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அப்படி வளர்த்தவற்றின் முதுகு கூம்பு கூம்பாகப் புடைத்துக்கொண்டு வந்தது. 2003-ல் சல்கட்டா குட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இந்தப் புடைப்புக்குத் தீனியில் உள்ள புரதத்தைவிடக் காற்று வறண்டு கிடப்பதுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. அந்த ஊர்க் குட்டிகளும் பகலெல்லாம் ஈரமான வளைக்குள்தான் பதுங்கிக் கிடக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஏர்கோன் அறையில் வைத்தால்தான் கெடும், மேலே நேராக ஃபேன் சுற்றினாலும் அப்படித்தான். ஆனால் ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும். அடைமழை ராத்திரிகளில் இங்கே 23 பாகைக்கு இறங்கிவிடுகிறது, குட்டிக்கு 26-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் விளக்கு ஒன்றைத் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு மேலே தொங்கவிடுங்கள், மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், எது வேண்டுமோ அதுவே நடந்து போய் எடுத்துக்கொள்ளும்.

இனி வெயில். ஓடு என்பது எலும்பு, விலா எலும்புகளோடு ஒட்டி வளர்ந்தது, தட்டினால் அதற்குத் தெரியும், பெயிண்ட் அடிப்பதும் துளை போட்டுக் கயிறு கட்டுவதும் கொடுமை. அந்த எலும்பு உறுதியாக வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும், அது இல்லாமல் எத்தனை சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது, ஆகவே வெளியேதான் விட வேண்டும். இங்கேதான் நான் பெரிய தப்பு பண்ணினேன். வந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் குட்டியை வைத்து அஞ்சடியில், அதாவது வீட்டு முன்நடையில், வெயில் படட்டும் என்று வைத்துவிட்டு, போன் வந்தது என்று உள்ளே போனேன். பேசியது பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்து பார்த்தால் வாயோரம் வெள்ளை நுரை, நாலு காலும் கழுத்தும் துவண்டு வெளியே தொங்குகின்றன, டப்பாவைத் தொட்டால் சுடுகிறது. நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைத் தட்டில் ஊற்றி அதில் நிற்க வைத்தேன், ஐஸ் தண்ணீர் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தணிய வேண்டும். அரை மணி கழித்து ஒரு கண்ணைத் திறந்தது. அன்றைக்கு அம்மா என்னிடம் பேசவே இல்லை.

ஆகவே டப்பாவும் கண்ணாடியும் வெயிலில் வேண்டாம். காலை ஒன்பது, ஒன்பதரை வாக்கில், அடிப்பாகமில்லாத கம்பி வலைக்கூட்டைப் புல்மேல் வைத்து, அதில் பாதிக்குப் பலகை போட்டு நிழல் செய்து, இருபது நிமிஷம் அல்லது அரை மணி விடுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். உடும்பு லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) வழியாக வரும், காக்கை கொத்தித் தூக்கும், நாய்க்கு அது கடித்து விளையாடும் பொம்மை. எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது நெருப்பெறும்புக்குத்தான், கண்ணையும் வாலடியையும்தான் முதலில் பிடிக்கும். தொட்டியை உயரத்தில் வைத்து மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள், சீனி டப்பாவுக்குச் செய்கிற அதே வேலைதான். எலிக்காக மேலே வலை மூடி.

தினமும் ஒரு தரம் குளியல். நான் தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்ததும் குட்டியையும் ஒரு பேசினில் இறக்கிவிடுவேன். வெதுவெதுப்பான தண்ணீர், தாடைக்குக் கீழே நிற்க வேண்டும், கால் மணி நேரம். முதலில் சும்மா நிற்கும், அப்புறம் கழுத்தை நீட்டி மூக்கு வரை தண்ணீரில் அமிழ்த்திக் குடிக்கும், தொண்டை ஏறி இறங்குவது தெரியும், கொஞ்ச நேரத்தில் வாலைத் தூக்கிக் கழிக்கும். கூடவே வெள்ளையாகத் தயிர் மாதிரி வந்தால் பயப்படாதீர்கள், அது அதன் சிறுநீர்க் கழிவு. மணல் மாதிரி நறநறவென்றோ கல்லாகவோ வந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பேசினைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமைகளின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும், பார்க்க நோய் ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த குட்டி ஆமைகளை விற்கவே 1975-லிருந்து தடை, சின்னப் பிள்ளைகள் அதை வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதால்தான். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம்.

தீனி விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். சல்கட்டா புல் தின்னி. பிள்ளையாருக்குப் பறிக்கிற அருகம்புல் அதற்கு முதல்தரச் சாப்பாடு, பொடியாக நறுக்கிப் போடுங்கள். செம்பருத்தி இலையும் பூவும் தாராளமாக, நாட்டு மலரே அதுதானே, எந்த வேலியிலும் கிடைக்கும். மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி இரண்டும் நல்லவை. கங்கோங் என்கிற வள்ளைக்கீரை, சாவி என்கிற கடுகுக்கீரை, சர்க்கரைவள்ளிக் கீரை இதெல்லாம் வாரத்தில் ஒரு நாள் மாற்றத்துக்குப் போடலாம், தினமும் வேண்டாம். பழம் சல்கட்டாவுக்கு ஆகாது, வயிற்றில் புளித்துக் கழிச்சல் எடுக்கும். சோறு, ரொட்டி, பூனைத் தீனி, பால், இவற்றைப் பாசத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பழைய டைல் துண்டின்மேல் வைத்துக் கொடுத்தால் மண்ணும் வாயில் போகாது, அலகும் தேயும். கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றை உள்ளேயே போட்டு வையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

விஷம் எது என்று சொல்லிவிடுகிறேன், நம் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. கோயிலோரம் நிற்கும் அரளி, ஒரு இலையே ஆபத்து. மரவள்ளி இலையை நாம் வேக வைத்துத் தின்கிறோம், பச்சையாக அதில் சயனைடு உண்டாகும், பால்மர (ரப்பர்) இலையும் கொட்டையும் அதே கதை. சேம்பு வகைகள் வாயைப் புண்ணாக்கும். தொட்டாற்சிணுங்கியும் வேண்டாம். செம்பனைக்கு அடியில் படர்ந்திருக்கும் மூக்குனா கொடி பார்க்கப் பச்சையாக, கொழுகொழுவென்றுதான் இருக்கும், அதையும் தொடாதீர்கள்.

புல்லை எங்கே பறிக்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. பாராகுவாட்டை 2020-ல் தடை பண்ணிவிட்டார்கள், சந்தோஷம், ஆனால் கிளைஃபோசேட் வகைகள் இன்னும் அடிக்கிறார்கள். அதை அடித்த புல் அன்றைக்கே வாடாது. மஞ்சளாக ஒரு வாரம்கூட ஆகலாம், அதுவரை பச்சைப் பசேலென்று நின்று உங்களை ஏமாற்றும். தோட்டத்து ரோட்டோரம், பள்ளி வேலியோரம், தாமான் (குடியிருப்பு) பூங்கா எதிலும் பறிக்காதீர்கள். நான் ஐந்து பூச்சட்டியில் அருகம்புல் நட்டு, ஒன்றை மேய்ந்து முடித்ததும் அடுத்ததை மாற்றுகிறேன். விதைகூட வாங்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் இருந்து நாலு வேரைப் பிடுங்கி ஊன்றினேன், அவ்வளவுதான்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் மூக்கில் நீர்க்குமிழி, வீங்கி மூடிய கண், வாயைத் திறந்து மூச்சு, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எல்லா கிளினிக்கிலும் பார்க்க மாட்டார்கள், போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நாங்கள் ஈப்போவுக்குத்தான் போகிறோம். ஒன்றே ஒன்று: நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் மருந்தை ஆமைக்குத் தராதீர்கள், அதற்கு அது விஷம். யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும்.

வளர்க்க முடியவில்லை என்றால் ஆற்றில் விட்டுவிடலாம், கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. தரை ஆமைக்கு அது நேராகக் கொலை. வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள், சல்கட்டா உலகத்தில் மூன்றாவது பெரிய தரை ஆமை, ஐம்பது கிலோ வரை ஏறும், ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழும், என் மகனின் பிள்ளைகள் அதற்குப் புல் பறிக்கப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக் காலண்டரில் எழுதுங்கள், எடை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் ஏதோ சரியில்லை. எங்களுடையது வந்த அன்று 38 கிராம். அந்தத் தராசில் இப்போது நிற்காது, நாலரைக் கிலோ, அரிசி நிறுக்கிற தராசுக்கு மாற்றியாயிற்று. போன மாதம் வேலிக்கு அடியில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவின் புதினாப் பாத்தியில் போய் எழுந்தது. இரண்டடி ஆழத்துக்குச் சிமெண்ட் கல் புதைத்துத்தான் வேலி போட வேண்டும், மாமாவிடம் பழைய கல் கொஞ்சம் கிடக்கிறது, மழை விட்டால் ஆரம்பிக்கணும்.