வீட்டாரோடு சேர்ந்து ஓர் அறையைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாமல் முட்டிவலி வந்த பிறகு, கீழே சாமான் போட்டு வைத்திருந்த பின்கட்டு அறையை அவருக்குப் படுக்கையறையாக மாற்றினோம். கொத்து வேலைக்கும் வயரிங்குக்கும் ஆள் வைப்பது, சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் வீட்டாரே செய்வது என்று ஏற்பாடு. நான், மனைவி, தம்பி, அண்ணன் மகள், பத்தாவது படிக்கும் என் மகன் என்று ஐந்து பேர். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தோம். இரண்டு மாதம் ஆனது. ஆட்கள் குறைவு என்பதால் அப்படி இழுக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமலும், காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்காமலும் இறங்கியதுதான் காரணம்.

பெரிய தவறு, அந்த அறையில் படுக்கப்போகிறவரைக் கடைசியாகக் கேட்டது. நிறம், கட்டில் போடும் இடம், அலமாரி எல்லாம் நாங்களே பேசி முடித்துவிட்டோம். முதல் கோட் பட்டி பூசி முடித்த அன்று சாயந்திரம் அம்மா உள்ளே வந்து பார்த்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி எழுந்தா லைட் எங்கேப்பா போடறது?” என்றார். சுவிட்ச் கதவோரம் இருந்தது. கட்டில் எதிர்ச் சுவரோரம். எழுபது வயதுக்காரர் இருட்டில் பன்னிரண்டு அடி நடந்து வந்து விளக்குப் போட வேண்டும். பட்டி பூசிய சுவரில் மறுபடி வயருக்குக் காடி (பள்ளம்) எடுத்து, கதவருகே ஒன்றும் தலைமாட்டில் ஒன்றுமாக, எதிலிருந்தும் விளக்கைப் போட்டு அணைக்கும் டூ-வே சுவிட்ச் வைத்தோம்.

அதனால் வேலை தொடங்கும் முன் காலி அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். தலைமாடு எந்தப் பக்கம், காற்று எந்த ஜன்னலில் வருகிறது, தண்ணீர்ச் சொம்பு எங்கே வைப்பார், குளியலறைக்கு எந்த வழியாகப் போவார், வழியில் படி தடுக்குமா, கைபிடி தேவையா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். சொன்ன இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். வயரிங்காரர் வந்ததும் அந்தக் குறியைக் காட்டினால் போதும். காடி எடுப்பது, பைப் பதிப்பது, சிமென்ட் பூச்சு எல்லாம் முடிந்த பிறகுதான் பட்டிக்கு வர வேண்டும். சுவிட்ச் பாக்ஸைத் திறக்கும் எந்த வேலையையும் வீட்டுப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால், எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே அதையும் வைத்துவிடலாம்.

அடுத்தது சாமான் ஒழிப்பது. உற்சாகத்தில் ஆளுக்கு ஒன்றாக வெளியே தூக்கிப் போடுவார்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் வீட்டில் நடந்தது சண்டைகூட இல்லை. அந்த அறையில்தான் முன்பு உபரி சிலிண்டர் இருக்கும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அப்பா கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் தேதி எழுதுவார். சின்னச் சின்ன எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, தோள் உயரத்திலிருந்து முழங்கால் வரை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. தம்பி பட்டித்தகட்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கியது அந்த மூலையிலிருந்துதான். அம்மா காபி கொண்டு வந்தபோது இரண்டு வரி மிச்சம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் போனார். தம்பிக்கும் பிறகுதான் உறைத்தது. சுவரைச் சுற்றி ஒரு போட்டோ எடுத்திருந்தாலே போதும். தூக்கிப் போடுவது, கொடுப்பது, வைத்துக்கொள்வது என்று மூன்று குவியல் போடுங்கள். பொருளுக்கு உரியவர் பக்கத்தில் இல்லாதபோது எதையும் முதல் குவியலில் சேர்க்க வேண்டாம்.

சரி, சுவருக்கு வருவோம். எல்லோருக்கும் கை பரபரக்கும், ரோலரை எடுக்க வேண்டும் என்று. சுவர் தயாரா என்று பார்க்காமல் அடித்தால் செலவும் உழைப்பும் வீண். முதலில் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. அதன் மேல் பட்டியோ எமல்ஷனோ (சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலந்த பெயின்ட்) நிற்காது, சுண்ணாம்போடு சேர்ந்து பொருக்காக உரிந்து வரும். முழுக்கச் சுரண்டி, துடைத்து, காயவிட்ட பிறகே பட்டி. எங்கள் அறையில் சுண்ணாம்பு ஏழெட்டு அடுக்கு இருந்தது. சுரண்டவே மூன்று நாள்.

பிறகு ஓதம். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, ஒருநாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம் விடும், உப்புப் பூக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையா, மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் விரிசலா, ரோடு உயர்த்திப் போட்டதில் வெளி மண் சுவரோடு ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் குளியலறைக் குழாயின் ஓர் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்த பிறகும் சுவர் காய மூன்று வாரம் ஆனது.

நம் ஊரில் இந்தத் தவறை வருடா வருடம் செய்ய வைப்பது பொங்கல்தான். பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்று மார்கழியில் வேலையைத் தொடங்குகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் அப்போதுதான் மெல்லக் காயத் தொடங்கியிருக்கும். ஓதம் பிடிக்கிற சுவர் என்றால் பண்டிகைக்கு வெறுமனே தூசு தட்டி வைத்துவிட்டு, மாசி, பங்குனியில் அடியுங்கள். உறவினர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. புதிதாகச் சிமென்ட் பூசிய சுவரும் இப்படித்தான்; ஏறக்குறைய 28 நாளாவது விட வேண்டும்.

பழைய ஜன்னல், கதவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் கதவு ஜன்னலுக்கு அடித்த எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு மூச்சில் போகும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், தூசைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருப்பதே நல்லது. பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க ஆசை என்றால் பட்டிக்கும் பிரைமருக்கும் பிறகு கொடுங்கள். முதல் கோட் எமல்ஷனில் சுவரின் கீழ்ப்பாதியை அவர்களே அழகாக அடிப்பார்கள்.

அடிக்கும்போது நாலு பேர் நாலு சுவரில் நின்றால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆளுக்கு ஆள் கை அழுத்தம் வேறு. ஒருவர் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டு வந்து தொடர்ந்தால், காய்ந்த ஓரம் பட்டையாகத் தெரியும். ஒரு சுவருக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் பிரஷ்ஷால் மூலையும் ஓரமும் பூசிக்கொண்டே போக, அது காயும் முன் மற்றவர் பின்னாலேயே ரோலர் போட வேண்டும். தொடங்கிய சுவரை முடித்துவிட்டுத்தான் டீ. மேற்கூரை முதலில், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல்.

பெயின்ட் அளவையும் ஒரே ஆள் கணக்குப் பார்க்கட்டும். 10க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் 390க்குள் வரும். நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 120 முதல் 140 சதுர அடி வரும். ஆக ஏறத்தாழ மூன்று லிட்டர் தேவை; நான்கு லிட்டர் டின் ஒன்று வாங்கலாம். குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்தால், மெஷினில் கலக்கும் நிறம் டின்னுக்கு டின் லேசாக மாறலாம். கலக்கிய பெயின்ட்டைக் கடையில் திரும்ப வாங்கவும் மாட்டார்கள். வாங்கும் முன் நிறத்தைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, பகலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள். கடையின் நிற அட்டையில் இளம்பச்சையாகத் தெரிவது நான்கு சுவரிலும் அடர்ந்துவிடும். வயதானவர்களுக்குப் பளபளப்பு கண் கூசும், மேட் பூச்சே நல்லது.

கதவு ஜன்னலுக்கு எனாமல் அடிக்கும் நாளில் ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். எனாமலில் கலக்கும் தின்னரின் ஆவியில் நெருப்புப் பிடிக்கும், ஆகவே பக்கத்தில் விளக்கோ கொசுவர்த்தியோ கூடாது. வாடை போகச் சில நாள் ஆகும். அம்மாவை ஒரு வாரம் கழித்துத்தான் அங்கே படுக்க வைத்தோம்.

மீந்த பெயின்ட்டை இறுக மூடி நிழலில் வையுங்கள். டின்மேல் ஒட்டியிருக்கும் நிறத்தின் எண்ணை அன்றைய தேதியோடு அலமாரிக் கதவின் உட்புறம் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை எழுதியவர் அம்மா. பென்சிலால், சின்ன எழுத்தில்.