ஃபர்னஸ் புகைக்குழாய்: நாமே அறியாமல் செய்துவிடும் தவறுகள்

ரொறன்ரோ பக்கம் வீடு வாங்கிய நம்மவர்களில் பலருக்கு, பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வெள்ளைக் குழாய்கள் எதற்கென்று தெரியாது. தெரியாததில் குற்றமில்லை. ஊரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே நமக்கு இருந்ததில்லையே. ஆனால் எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைத் திருத்தப் போகும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். குழாயைப் பூட்டியவர் பெரும்பாலும் சரியாகத்தான் பூட்டியிருப்பார். நாலைந்து வருடம் கழித்து வீட்டில் ஏதோ மாற்றம் செய்வோம்: ஒரு கதவு, ஒரு தளமேடை, ஒரு பெரிய குசினி விசிறி. குழாய் அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ள வீடு மாறிவிடும்.

எரிவாயு நன்றாக எரிந்தால் வருவது காபனீரொட்சைட்டும் நீராவியும். காற்றோட்டம் குறைந்து அரைகுறையாக எரிந்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. "காஸ் மணக்கவில்லை, அப்ப பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நமக்கு மணப்பது, கசிவு தெரியட்டும் என்று எரிவாயுவோடு கலந்து விடுகிற ஒரு பொருள். அதுவும் எரிந்துபோன பிறகு வரும் புகையில் அந்த மணத்தைத் தேடிப் பயனில்லை.

இப்போது பூட்டுகிற ஃபர்னஸ்கள் 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ளவை. வெப்பத்தை அவ்வளவு உறிஞ்சிவிடுவதால் புகை ஆறிப்போய், ஈரமாக வெளியே வருகிறது. அதனால்தான் பிளாஸ்டிக் குழாய் போதுமாக இருக்கிறது, அதனால்தான் ஒரு சிறிய விசிறி அதைத் தள்ள வேண்டியும் இருக்கிறது. இரண்டு குழாய்களில் ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். குளிர்நாளில் ஆவி பறக்கிறதே, அதுதான் புகைக்குழாய்.

முதலாவது, பனி. குழாயின் வாய், எதிர்பார்க்கிற பனி மட்டத்துக்கு மேலே குறைந்தது 30 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்பது விதி. வானத்திலிருந்து விழுகிற பனிக்கு அது போதும். நாம் சவளால் அள்ளிக் குவிக்கிற பனிக்குப் போதாது. ஒரு பெப்ரவரி மாதம் ஸ்காபரோவில் ஒரு மாமி கூப்பிட்டார், ஃபர்னஸ் பிடிக்கிறது, உடனே நிற்கிறது என்று. நிலவறைக்குப் போகுமுன் வெளியே சுற்றிப் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பாதையை மகன் வடிவாகத் துப்புரவாக்கி, அவ்வளவு பனியையும் சுவரோரம் ஏற்றிவைத்திருந்தார். குழாய்களைக் கையால் தோண்டித்தான் எடுத்தேன்.

வேறொரு வீட்டில் அணில் புகாமலிருக்க நுளம்பு வலையை நாலாக மடித்துக் குழாய் வாயில் கட்டியிருந்தார்கள். கோடையில் எந்தக் குறையும் தெரியவில்லை. மார்கழியில் ஈரப் புகை வலையின் ஒவ்வொரு கண்ணிலும் உறைந்து, கடைசியில் வாயே வெள்ளைத் தட்டு மாதிரி மூடிப்போயிருந்தது. எலி, பறவை பயம் இருந்தால் அந்த ஃபர்னஸுக்கென்று தயாரிப்பாளர் அனுமதித்த மூடியை மட்டும் போடுங்கள்.

இந்த இரண்டு வீட்டிலும் ஆளைக் காப்பாற்றியது ஃபர்னஸுக்குள் இருக்கும் ஓர் அழுத்த சுவிட்ச். உள்ளங்கை அளவு வட்டம், அதிலிருந்து ஒரு மெல்லிய இறப்பர் குழாய். புகை சரியாக வெளியேறவில்லை என்றால் அது எரிவாயுவை நிறுத்திவிடும். "அடிக்கடி நிற்குது" என்று அந்த சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். ஃபர்னஸ் பிறகு நிற்காமல் ஓடும், குழாய் அடைத்தாலும் ஓடும். இந்த வேலையில் நான் மன்னிக்க முடியாத தவறு இது ஒன்றுதான். தெரிந்த பெடியன் என்று பார்க்காமல், ஒன்ராறியோவில் எரிவாயு வேலையைக் கண்காணிக்கும் பாதுகாப்பு அமைப்பான ரிஎஸ்எஸ்ஏயின் பதிவு உள்ளவரா என்று கேளுங்கள். கேட்டால் ஒருவரும் கோபிக்கப் போவதில்லை.

அடுத்தது, நிலவறையை வாடகைக்கு விடுவதற்காகச் செய்யும் மாற்றங்கள். பக்கவாசல் உடைப்போம், யன்னலைப் பெருப்பிப்போம். அந்தப் பக்கச் சுவரில்தான் புகைக்குழாயும் இருக்கும். திறக்கக்கூடிய கதவு, யன்னலிலிருந்து குழாய் வாய் குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஃபர்னஸின் வெப்ப அளவு மணிக்கு 100,000 பிரியூவுக்கு (பிரியூ என்பது வெப்ப அலகு) மேற்பட்டதென்றால் 90 சென்ரிமீற்றர். வெளிக்காற்றை மெசினால் உள்ளே இழுக்கும் குழாய் இருந்தால் அதிலிருந்து 1.8 மீற்றர். வரைபடம் கீறுபவர் அளவெல்லாம் எடுப்பார், குழாயைக் கவனிக்க மாட்டார். உடைக்க முதல் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். குழாய்க்கு மேலே தளமேடை கட்டி, கீழ்ப்பக்கத்தைப் பலகையால் அடைப்பதும் இதே தவறுதான்.

நிலவறையில் புது அறை எடுக்கும்போது ஃபர்னஸ் அறைக் கதவிலுள்ள காற்றுத் துவாரங்களை, சத்தம் கேட்கிறது என்று அடைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளிருந்தே காற்றை எடுத்து எரிகிற சாதனம் ஒன்று அங்கே இருந்தால் அது மூச்சுத்திணறும்.

இனிச் சொல்லப்போவதுதான் பலர் கேள்விப்படாதது. பழைய வீடுகளில் ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியில் புகை விட்டன. புது ஃபர்னஸ் வந்ததும் அது சுவர்வழியே தனிக்குழாய் போட்டுக்கொண்டு போய்விடும். தாங்கி மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்து நிற்கும். இரண்டு சாதனத்தின் சூட்டுக்குக் கட்டிய புகைபோக்கி ஒன்றின் சூட்டில் சூடேறாது. புகை நடுவழியில் குளிர்ந்து, மேலே ஏறச் சக்தியில்லாமல் நிலவறைக்கே திரும்பும், உள்ளே செங்கல்லும் ஈரத்தில் உதிரும். புகைபோக்கிக்குள் சரியான அளவில் ஓர் உலோக உட்குழாய் இறக்க வேண்டும், அல்லது தாங்கியை விசிறி உள்ளதாக மாற்ற வேண்டும். ஃபர்னஸ் விலை பேசும்போதே "தாங்கியின் புகைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

இதோடு நம் குசினியையும் சேர்த்துப் பாருங்கள். மீன் பொரிக்கிற மணம் வீடெல்லாம் பரவக்கூடாதென்று பெரிய விசிறி பூட்டுகிறோம். பனிக்காலத்தில் யன்னல் எல்லாம் சாத்தியிருக்க, அது இழுத்துத் தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கேயோ இருந்து வரத்தானே வேண்டும்? இலகுவான வழி புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகை கீழே இழுபடும். குசினி விசிறி, குளியலறை விசிறி, உடுப்புக் காயவைக்கும் மெசின் மூன்றையும் ஓடவிட்டு, யன்னல்களைச் சாத்தி, சுடுதண்ணீரைத் திறந்து தாங்கியை எரியவிடுங்கள். சில நிமிடம் கழித்துத் தாங்கியின் உச்சியில் குழாய் தொடங்குகிற இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். உங்கள் முகத்துக்கு வந்தால் விசிறிகளை நிறுத்தி, யன்னலைத் திறந்து, அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

குழாயைப் பற்றி இன்னும் இரண்டு சொல். கடையில் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் கிடைக்கும் வெள்ளைக் குழாய் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்ராறியோவில் புகைக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயில் எஸ்636 என்ற தர எண் அச்சிட்டிருக்க வேண்டும், பசையும் பொருத்துகளும் அதே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும். அப்புறம், குழாய் ஃபர்னஸ் பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிந்து வர வேண்டும். தாங்கு கிளிப் கழன்று நடுவில் தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, புகையின் பாதையை மறிக்கும். கொளகொளவென்று சத்தம் கேட்டால் அதுதான்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இறந்தார்கள். எரிவாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இல்லை. அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறி, 2014 ஒக்ரோபர் முதல் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயமானது. நிலவறையில் குடியிருப்பவர்களுக்கும் அது வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் நீங்களென்றால் அது உங்கள் பொறுப்பு. அலாரம் ஏழிலிருந்து பத்து வருடம்தான் உழைக்கும். கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், திகதி இருக்கும்.

தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்து, வெளியே போனால் குறைகிறதா? காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல் போல இருக்கிறதா? பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். எல்லோரும் வெளியேறி, வெளியில் நின்று 911ஐக் கூப்பிடுங்கள்.

பகலில் நாம் வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, பேரப்பிள்ளைகள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அலாரத்தின் சத்தம் என்னவென்று தெரியாது. பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். இந்தச் சனிக்கிழமை அவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்து, அலாரத்தின் சோதனைப் பொத்தானை அமத்துங்கள். நாலுதரம் கத்தும், கொஞ்சம் நிற்கும், திரும்ப நாலு. மூன்று மூன்றாகக் கத்துவது நெருப்புப் புகைக்கு. இரண்டில் எது கேட்டாலும் கோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு முன்வாசலால் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லி, ஒருதரம் நடந்தும் காட்டுங்கள்.